ஆடிக் காத்தை தையில அரைக்கிறோம்: ரைஸ் மில்லுக்கு காத்தாலை கரண்ட் வாங்கின அனுபவம்

மொதல்லயே ஸ்டார் போட்டுடறேன், 5க்கு மூணரை. கம்பெனி பேர் சொல்லல, அக்ரிமென்ட் இன்னும் ஓடிட்டிருக்கு, அதுவும் போக இந்த ஸ்கீமை விக்கிறவங்க எல்லார் கையிலயும் கிட்டத்தட்ட ஒரே பேப்பர்தான் இருக்கும், லெட்டர் பேடு மட்டும் மாறும். அதனால ஆளை விட்டுட்டு சரக்கைப் பத்தி எழுதறேன். சரக்குன்னா காத்தாலை கரண்ட்.

மன்னார்குடி பக்கம் சின்னதா ஒரு மாடர்ன் ரைஸ் மில் வச்சிருக்கோம். மாமனார் ஆரம்பிச்சது, வீட்டுக்காரர் மெஷின் பக்கம், நான் கணக்கு பக்கம். எச்டி கனெக்‌ஷன், அதாவது ஹை டென்ஷன், உயர் அழுத்த லைன், 250 கேவிஏ அளவு. நெல்லு அவிக்கிற பாய்லருக்கு நம்ம உமியே போதும், அதுக்கு வெளில காசு போகாது. ஆனா எலிவேட்டர், ஷெல்லர், பாலிஷர், கருப்பரிசி பொறுக்கற சார்ட்டெக்ஸ், அதுக்கு ஒரு கம்ப்ரசர், டிரையர் ஃபேன்னு மிச்சம் எல்லாமே கரண்ட்லதான் ஓடுது, நெல்லு வாங்கற காசு, ஆள் கூலி இந்த ரெண்டுக்கும் அடுத்த பெரிய செலவு கரண்ட் பில்தான். வருஷத்துக்கு மூணரை லட்சம் யூனிட் பக்கம் வரும்.

2019 மார்ச்ல ஒருத்தர் கோட்டு சூட்டோட வந்தார். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, உங்க பில்லு பறக்காதா"ன்னு ஆரம்பிச்சார். பாவம், வந்த நேரம் சரியில்ல. நாலு மாசம் முன்னாடிதான், 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சு மில்லு கூரை ஷீட்டு பாதி பக்கத்து வயல்ல கெடந்துச்சு, ஊர்ல தென்னை மரம் ஒண்ணு நிக்கல, கரண்ட் கம்பம் எல்லாம் படுத்து கெடந்து நாங்க ஜெனரேட்டர் வச்சு ஓட்டின கணக்கே அப்பதான் முடிச்சிருந்தேன். மாமா அவரை மேலயும் கீழயும் பாத்துட்டு எங்கிட்ட திரும்பி, "கூரையை தூக்கிட்டுப் போன காத்துகிட்டயே கரண்ட் கேக்க சொல்றாரும்மா"ன்னார். நான்தான் டீ குடுத்து உக்கார வச்சு பேப்பரை வாங்கி வச்சேன்.

ஸ்கீம் பேரு குரூப் கேப்டிவ். 2003 மின்சார சட்டத்துல, சொந்தமா மின் உற்பத்தி பண்ணி சொந்தமா உபயோகிக்கிறவங்களுக்கு கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (வெளில கரண்ட் வாங்கறவங்ககிட்ட, மலிவு கரண்டை ஈடு கட்ட வாங்கற கூடுதல் காசு) கிடையாதுன்னு இருக்கு. பெரிய ஸ்பின்னிங் மில்லுன்னா தானே பத்து காத்தாடி வாங்கிப் போட்டுக்குவான், கோயமுத்தூர் திருப்பூர் பக்கம் அப்படித்தான் பண்ணாங்க. நம்மள மாதிரி ஆளு எங்க போய் காத்தாடி வாங்கறது? அதுக்கு 2005 ரூல்ஸ்ல ஒரு வழி இருக்கு, உபயோகிக்கிறவங்க பல பேர் சேந்து அந்த கம்பெனில கொறஞ்சது 26 சதவீதம் ஷேர் வச்சிருக்கணும், அது தயாரிக்கிற கரண்ட்ல கொறஞ்சது 51 சதவீதத்தை அவங்களே எடுத்துக்கணும். அப்ப அது நம்ம சொந்த காத்தாடி மாதிரி. சில ஆயிரம் ரூபாய்க்கு ஷேர், ஒரு டெபாசிட், அவ்வளவுதான் நாங்க போட்டது. கணக்கு போட்டுப் பாத்தேன், பழைய 250 கிலோவாட் மெஷின் ஒண்ணு வருஷம் பூரா முழு வேகத்துல சுத்தினா 8,760 மணி நேரத்துக்கு 21.9 லட்சம் யூனிட், ஆனா காத்து என்ன நம்ம வீட்டு ஃபேனா, நல்ல எடத்துலயே அதுல 20, 22 சதவீதம்தான் தேறும், அதாவது நாலே முக்கால் லட்சம் சுமாரு. நாங்க எடுக்கறது ரெண்டரை லட்சம். ஆக எங்களுக்கு சொந்தம் அரை காத்தாடி. வீட்டுக்காரர் இன்னைக்கும் ஃபிரெண்ட்ஸ்கிட்ட "நமக்கு காத்தாலை இருக்கு"ம்பார், அரைன்னு சொல்ல மாட்டார்.

எங்க பங்கு காத்தாடி இருக்கறது திருநெல்வேலி பக்கம் பணகுடில. அங்க சுத்துற கரண்ட் எப்படிம்மா மன்னார்குடிக்கு வரும்னு மாமா கேட்டார். மேட்டூர்ல தொறந்த தண்ணில எந்த சொட்டு நம்ம வாய்க்காலுக்கு வந்துச்சுன்னு யாருக்கு தெரியும் மாமா, அங்க எவ்வளவு விட்டாங்க, இங்க எவ்வளவு எடுத்தோம்னு கணக்குதானேன்னேன். அதுக்கப்புறம் அவர் கேள்வியே கேக்கல. டெல்டாக்காரருக்கு முறைப்பாசன கணக்கு நல்லா புரியும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், ஏன்னா நம்ம ஊர்ல மில்லு வச்சிருக்கறவங்களுக்கு இது ஒண்ணுதான் மேட்டரே. காத்து எப்ப அடிக்கும்? வைகாசில ஆரம்பிச்சு புரட்டாசி வரை, மே டு செப்டம்பர். ஆரல்வாய்மொழி கணவாய், செங்கோட்டை கணவாய், பாலக்காட்டு கணவாய், கம்பம் பள்ளத்தாக்குன்னு மலைல எங்கெங்க இடைவெளி இருக்கோ அங்கெல்லாம் தென்மேற்கு பருவக்காத்து நெருக்கி அடிச்சுட்டு வெளில வரும், காத்தாடி எல்லாம் அங்கதான் இருக்கு. நமக்கு நெல்லு எப்ப வரும்? குறுவை கொஞ்சம் செப்டம்பர் அக்டோபர்ல. பெரிய வரத்து சம்பாவும் தாளடியும், அது தை மாசி பங்குனி. அதாவது காத்து அடிக்கறப்ப மில்லு பாதி நாள் சும்மா கெடக்கும், மில்லு ராப்பகலா ஓடுறப்ப காத்தாடி சும்மா நிக்கும். இந்த லட்சணத்துல இதை எவன் வாங்குவான்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன்.

இங்கதான் பேங்கிங்னு ஒண்ணு வருது. ஆடில தயாரான யூனிட்டை நாம எடுக்கலன்னா அது போர்டு (மின்வாரியம்) கணக்குல நம்ம பேர்ல வரவா நிக்கும், தையில வேணும்கறப்ப எடுத்துக்கலாம். அதுக்கு ஒரு பங்கை யூனிட்டாவே கழிச்சுக்குவாங்க, நெல்லு குதிர்ல போட்டா எலி திங்கற பங்குன்னு வச்சுக்குங்க. ஏப்ரல் 1லிருந்து மார்ச் 31 வரை ஒரு கணக்கு. தமிழ்நாட்டுல ரொம்ப வருஷமா இருக்கற வசதி இது, இங்க 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாலை வந்து, நாட்டுலயே முதல் எடத்துல ரொம்ப காலம் இருந்ததுக்கு கணவாய் காத்து ஒரு காரணம்னா இந்த பேங்கிங் இன்னொரு காரணம். (இப்ப குஜராத் முந்திருச்சு, அது வேற.) ரைஸ் மில்லுக்கு இது இல்லாம இந்த ஸ்கீம் பத்து பைசாவுக்கு பிரயோஜனம் இல்ல. அந்த சூட்டு போட்டவருக்கே இது உறைக்கல, அவர் திருப்பூர் டையிங் யூனிட்டுக்கு சொல்ற கதையையே எங்கிட்டயும் சொல்லிட்டிருந்தார், "மேடம் ஜூன்லருந்து பில்லு பாதி"ன்னு. ஜூன்ல எங்க மில்லுல பில்லே கொஞ்சம்தான் சார்னு நான் சொன்னப்பதான் முழிச்சார்.

அதனால யாராவது கையெழுத்து போடறதா இருந்தா மொத கேள்வி, மெஷின் எந்த தேதில ஓட ஆரம்பிச்சுச்சு (கமிஷன் ஆச்சு). 2018 மார்ச் 31 வரைக்கும் ஓட ஆரம்பிச்ச மெஷினுக்குதான் வருஷ பேங்கிங். அதுக்கப்புறம் போட்டதுக்கு அந்த வசதியை எடுத்துட்டாங்க, மாசக் கணக்குதான். புது மெஷின் பாக்க நல்லாருக்கும், 2 மெகாவாட், 3 மெகாவாட், ஒசரமா இருக்கறதால காத்தும் நல்லா புடிக்கும், ஆனா ஆடி யூனிட்டை ஆடிக்குள்ள திங்கணும்னா நமக்கு எதுக்கு அது? எங்களுக்கு முதல்ல காட்டின லிஸ்ட்ல புதுசும் பழசும் கலந்து இருந்துச்சு, நான் பழசுதான் வேணும்னு நின்னேன், அந்த ஒரு விஷயத்துல என் புருஷனே என்னை பாராட்டினார். பழசுலயும் வயசு பாக்கணும். தொண்ணூறுகள்ல இன்கம்டாக்ஸ்ல நூறு சதவீத தேய்மானம் கிடைக்குதுன்னு வரிக்காகவே காத்தாடி வாங்கிப் போட்டவங்க நெறைய, அந்த மெஷின் எல்லாம் இப்ப கிழடு தட்டிருச்சு, நல்ல காத்து அடிக்கற எடத்தை எல்லாம் அதுங்கதான் புடிச்சு வச்சிருக்கு. அதை எடுத்துட்டு பெருசா வைக்கறதுக்கும் ஆயுசு நீட்டிக்கறதுக்கும் 2024ல தமிழ்நாடு அரசு தனி பாலிசியே போட்டிருக்கு. நம்ம மெஷினை நடுவுல கழட்டினா நம்ம யூனிட்டுக்கு என்ன பதில்னு அக்ரிமென்ட்ல எழுதி வாங்குங்க.

இனி குறைக்கு வரேன். முதல் அஞ்சு வருஷ அக்ரிமென்ட்ல ரேட்டு எப்படி போட்டிருந்தாங்கன்னா, "போர்டு ரேட்டுல இருந்து 1 ரூபா 20 காசு கழிவு". கேக்க இனிப்பா இருந்துச்சு. அப்ப எச்டி ரேட்டு யூனிட்டுக்கு 6.35. எங்களுக்கு 5.15. வீலிங், டிரான்ஸ்மிஷன் (போர்டு கம்பி வழியா கரண்ட் கொண்டு வர்ற கூலி), பேங்கிங் கழிவு அது இதுன்னு எங்க தலைல ஒரு 50 காசு, ஆக கைல நின்னது யூனிட்டுக்கு 70 காசு, வருஷத்துக்கு ஒண்ணே முக்கால் லட்சம். சரி, நல்லதுதான். 2022 செப்டம்பர்ல போர்டு ரேட்டு 6.75 ஆச்சு. நான் சந்தோஷமா நமக்கு இப்ப மிச்சம் கூடும்னு உக்காந்திருந்தா அடுத்த மாசமே கம்பெனி பில்லும் 40 காசு ஏறி வருது. ஃபோன் போட்டு கேட்டேன், ஏங்க, காத்து விலை ஏறிடுச்சா? நிலக்கரி வாங்கறீங்களா, டீசல் ஊத்தறீங்களா, மெஷின் கடனே அடைஞ்சிருக்கும், எதுக்கு 40 காசு? "அக்ரிமென்ட்ல அப்படித்தான் இருக்கு மேடம்." ஆமா, இருந்துச்சு. என் கையெழுத்துதான் இருந்துச்சு. எரிபொருளே வாங்காத கரண்டோட மொத்த அனுகூலமே விலை ஏறாம நிக்கறதுதான், அதை அவங்க எடுத்துக்கிட்டு நமக்கு கழிவை மட்டும் கிள்ளிக் குடுத்திருக்காங்கன்னு புரிய எனக்கு மூணு வருஷம் ஆச்சு. 2024 ஏப்ரல்ல ரெனியூ பண்றப்ப சண்டை போட்டு 5.40 ஃபிக்சட்னு வாங்கினேன், அந்த ஜூலைலயே போர்டு 7.25 ஆச்சு, அப்ப மத்த செலவு போக யூனிட்டுக்கு 1.35 நின்னுச்சு, வருஷத்துக்கு மூணேகால் லட்சத்துக்கு மேல. ஒரு வரி மாத்தி எழுதினதுக்கு கிட்டத்தட்ட டபுள்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. டிமாண்ட் சார்ஜ். காத்து கரண்ட் எவ்வளவு வாங்கினாலும் அது கொறையாது, ஏன்னா லைன் நமக்காக தயாரா நிக்குது இல்ல, அதுக்கு வாடகை. 2022ல அதை ஒரு கேவிஏவுக்கு 350லருந்து 550 ஆக்கினாங்க, எங்களுக்கு மாசம் நாப்பத்தஞ்சாயிரம் அம்பதாயிரம் கூடிடுச்சு, மில்லு ஓடாத வைகாசி ஆனிலயும் கட்டணும். ஆக மொதல் அக்ரிமென்ட்ல வருஷம் பூரா காத்துல மிச்சம் புடிச்சது இதுல நாலு மாசத்துல போச்சு. பில்லு பாதியாகும்னு சொல்றவன் யூனிட் சார்ஜை மட்டும்தான் சொல்றான்னு தெரிஞ்சுக்கங்க.

பீக் அவர் (கரண்ட் தேவை உச்சத்துல இருக்கற நேரம்) கணக்கும் இருக்கு. காலையும் சாயங்காலமும் பீக்ல 25 சதவீதம் கூட. காத்தாடி பீக்ல தயாரிச்சதை நாம எந்த நேரத்துக்கும் எடுக்கலாம், ராத்திரி தயாரிச்சதை பீக்குக்கு எடுக்க முடியாது. நாங்க அந்த நேரத்துல பாலிஷரை நிறுத்திடுவோம், மூட்டை தைக்கறது, தவிடு ஏத்தறதுன்னு வேலையை மாத்திப்போம். இதுக்கு மேல இதைப் பத்தி எழுதினா உங்களுக்கு தூக்கம் வந்துரும்.

2021 கதையை சொல்லியே ஆகணும். அந்த ஜனவரில பொங்கல் சமயம் டெல்டால கொட்டின மழை ஞாபகம் இருக்கா, அறுக்க வேண்டிய சம்பா அப்படியே சாஞ்சு தண்ணில கெடந்துச்சு, முளைச்சே போச்சு பல எடத்துல. தப்பிச்சது எல்லாம் தள்ளித் தள்ளி வந்துச்சு, வந்ததும் ஈரம், காய வச்சு அரைக்கறதுக்குள்ள மார்ச் முடிஞ்சிருச்சு. எங்க பேர்ல அறுபதாயிரம் யூனிட் பேங்க்ல நின்னுச்சு. மார்ச் 31 ராத்திரியோட அந்த கணக்கு காலி. மிச்ச யூனிட்டை போர்டு காத்தாலை ரேட்டுல முக்கால் பங்கு குடுத்து எடுத்துக்கும், அந்த காசு யாருக்கு? கம்பெனிக்கு. நாங்க அக்ரிமென்ட்ல ஒத்துக்கிட்ட அளவு யூனிட்டை எடுத்தாலும் எடுக்காட்டியும் காசு கட்டணும்னு இன்னொரு வரி இருந்துச்சு, அதையும் கட்டினோம். ஒரே யூனிட்டுக்கு அவங்களுக்கு ரெண்டு பக்கமும் வரவு. நான் எழுதின மெயிலுக்கு இருபது நாள் கழிச்சு ஒரு பதில் வந்துச்சு, "நோட் பண்ணிக்கிட்டோம்"னு. அரை ஸ்டார் இதுக்குத்தான் கட். அப்புறம் என்ன, இப்ப ஒவ்வொரு மார்ச்லயும் எங்க மில்லு கடைசி பத்து நாள் ராத்திரி ஷிஃப்ட் ஓடும், பாய்லர் அண்ணே "என்னம்மா, காத்து தீந்து போயிருமா"ன்னு கிண்டல் பண்ணிட்டே உமி தள்ளுவார்.

அதே அண்ணே ஒரு நாள் கேட்டார், நம்ம ஊர்ல அடிக்காத காத்தா, கோடியக்கரைல நின்னா வேட்டி நிக்க மாட்டேங்குது, இங்கயே ஒண்ணு வைக்கலாமேன்னு. நியாயமான கேள்விதான். ஆனா காத்து வேகம் ரெண்டு மடங்கானா கரண்ட் எட்டு மடங்கு, அதே கணக்கை கீழ இறக்குனா வேகம் 20 சதவீதம் கொறைஞ்சாலே கரண்ட் பாதி. கணவாய்ல நெருக்கி வர்ற காத்துக்கும் நம்ம சமவெளில பரந்து வர்ற காத்துக்கும் அந்த வித்தியாசம் போதும், போட்ட காசு திரும்பாது. கடலுக்குள்ள வைக்கறாங்கன்னு பேச்சு ஓடுது, 2024 ஜூன்ல மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபா ஒதுக்கி குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட்னு சொல்லியிருக்கு, நம்ம பக்கம் மன்னார் வளைகுடா. வலை போடறவங்க அதை எப்படி பாப்பாங்கன்னு நாகப்பட்டினத்துல யாரை கேட்டாலும் சொல்வாங்க.

2022 ஆனில கன்னியாகுமரி போற வழில எங்க அரை காத்தாடியைப் பாக்க போனோம். பணகுடி தாண்டினதுமே கார் ஆட ஆரம்பிச்சிருச்சு. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில்ல இறங்கி சாமி கும்புட்டுட்டு அங்கருந்து பாத்தா கண்ணுக்கு எட்டின தூரம் காத்தாடிதான், சின்னது பெருசு, ஒரு பக்கம் ஊஷ் ஊஷ்னு சத்தம், அதுக்கு கீழ ஆடு மேயுது. மாமா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. வாட்ச்மேன் ஒரு பெரியவர், அந்த ஊர்க்காரர். அவர்கிட்ட மாமா பேச்சு குடுத்தார். முள்ளுக்காடு, ஒண்ணும் வெளையாது, எவனோ வந்து காசு குடுக்கறான்னு அப்ப கெடச்ச வெலைக்கு கிரயம் பண்ணிக் குடுத்துட்டாராம். இப்ப அதே நெலத்துல மாச சம்பளத்துக்கு காவல். வித்தவங்க நெறைய பேராம், குத்தகைக்கு விட்டவன் கொஞ்சம் பேர், அவன் வீட்டுக்கு வருஷா வருஷம் காசு வருதுன்னார். டவர் நிறுத்தறப்ப ஊர்ல ஏகப்பட்ட வேலையாம், கிரேனு, லாரி, ஜல்லி, டீக்கடை ராத்திரியும் தொறந்திருந்துச்சாம். நிறுத்தி முடிச்சப்புறம் பத்து காத்தாடிக்கு நாலு ஆளு. படிச்ச பசங்க கொஞ்ச பேரு டெக்னீஷியனா ஏறி இறங்கறான், பாதுகாப்பு பெல்ட்டு மாட்டிக்கிட்டு. கார்ல வர்றப்ப மாமா சொன்னார், "நெலத்தை விக்காம காத்தை மட்டும் வித்திருக்கணும்மா." இந்த டூர்ல எனக்கு கெடச்ச பொருளாதாரம் அவ்வளவுதான்.

ஒண்ணு உறுத்தலும் இருக்கு, மறைக்க வேணாம். என் தம்பிக்கு அஞ்சு ஏக்கர், போர் செட்டு, இலவச கரண்ட். மேட்டூர் 2024ல ஜூன் 12க்கு தொறக்கல, ஜூலை 28க்குதான் தொறந்தாங்க, அந்த வருஷம் குறுவை போட்டவன் எல்லாம் போரை நம்பித்தான் போட்டான். அந்த இலவசத்துக்கு கவர்மென்ட் மானியம் ஒரு பக்கம்னா, எச்டி கனெக்‌ஷன்காரங்க கூடுதலா கட்டறது இன்னொரு பக்கம், கிராஸ் சப்சிடின்னா அதானே. நான் காத்தாலைக்கு மாறி அதைக் கட்டாம தப்பிச்சுக்கறேன். "அப்ப என் மோட்டருக்கு யாருக்கா கட்டுவா"ன்னு தம்பி சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். அவன் நெல்லைத்தானே நான் அரைக்கிறேன், நான் பதில் சொல்லல, சாம்பார் ஊத்தினேன்.

இன்னொரு விசித்திரம். நம்ம மேட்டூருக்கு தண்ணி குடுக்கறதும் இதே தென்மேற்கு பருவக்காத்துதான், குடகுலயும் வயநாட்டுலயும் மழையா இறங்கி கேஆர்எஸ், கபினி ரொம்பி வருது. அதே காத்து தெக்க கணவாய்ல நுழைஞ்சு காத்தாடியை சுத்துது. நம்ம நெல்லும் நம்ம கரண்டும் ஒரே காத்துல பொறந்து, ஒண்ணு வாய்க்கால் வழியா, ஒண்ணு கம்பி வழியா வந்து எங்க மில்லுல சந்திச்சுக்குது.

யாருக்கு செட் ஆகும்னா, எச்டி கனெக்‌ஷன் இருக்கணும், வருஷம் ரெண்டு லட்சம் யூனிட்டாவது ஓடணும், ஷேர் அளவுக்கு தக்கபடிதான் கரண்ட் எடுக்கணும் (10 சதவீதம் முன்ன பின்ன போகலாம், வருஷக் கணக்குல பாப்பாங்க), இல்லன்னா கேப்டிவ்னு ஒத்துக்க மாட்டாங்க, விட்ட சர்சார்ஜ் எல்லாம் மொத்தமா தலைல விழும். சின்ன மாவு மில்லு, எல்டி (சாதா தாழ்வழுத்த) கனெக்‌ஷன்காரங்க இதுக்குள்ள போகாதீங்க, கூரைல சோலார் போடுங்க. ஐஸ் பிளான்ட் வச்சிருக்கற நாகப்பட்டினக்காரங்களுக்கு எங்களை விட நல்லா ஒத்து வரும், வருஷம் பூரா ஓடுது இல்ல. கம்பெனி சர்வீஸ்னு பாத்தா மாசாமாசம் யூனிட் ஸ்டேட்மென்ட் ஒழுங்கா வரும், ஃபோன் எடுக்க மாட்டாங்க, சூட்டு போட்டவர் வேற கம்பெனிக்கு போயிட்டார், அங்கருந்தும் எனக்குத்தான் ஃபோன் பண்றார்.

இன்னைக்கு வந்த ஸ்டேட்மென்ட்படி எங்க பேர்ல பேங்க்ல 1,12,000 யூனிட் நிக்குது. வயல்ல சம்பா இன்னும் பால் புடிக்கல.